எஸ்-2 வீட்டில் இன்னொருவர்

ஜனவரி 19, ஞாயிறு

"வாயால சொன்னா எதுவும் நிக்காது மேடம். தேதி, நேரம், என்ன சத்தம்னு எழுதி வைங்க. எழுத்துல இருந்தாத்தான் அசோசியேஷன் நடவடிக்கை எடுக்க முடியும்" என்றார் செயலாளர் வரதராஜ் சார். இருபத்துமூன்று வருஷமாக ரெக்கார்டு செக்‌ஷனில் குப்பை கொட்டுகிறவளுக்கு இதைப் போய்ச் சொல்லிக்கொடுக்கிறார். மருந்துக்கடையில் இனாமாகக் கொடுத்த டைரி ஒன்று சும்மா கிடந்தது. இன்றிலிருந்து இதுதான் சத்தப் பதிவேடு.

முதலில் விவரம். உறையூரில் இந்தக் கட்டடத்தில் பன்னிரண்டு வீடு, மூன்று தளம், லிஃப்ட் கிடையாது. நாங்கள் எஃப்-2, நடுத்தளம், சொந்த வீடு. எங்கள் தலைக்கு மேல் எஸ்-2. அங்கே செலின் என்று ஒரு பெண் வாடகைக்கு இருக்கிறாள். தூத்துக்குடிப் பக்கம். புருஷன் மஸ்கட்டில். குழந்தை இல்லை. வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள். எங்கள் காலுக்குக் கீழ் ஜி-2, தண்டபாணி சார், ரிட்டயர் ஆனவர், வேலை இல்லாததால் காது மட்டும் வேலை செய்கிறது.

என் மகள் தாரிணிக்கு மார்ச் 3 பிளஸ் டூ பரீட்சை. இன்னும் நாற்பத்துமூன்று நாள். இந்த நேரத்தில் மேலே கடகட என்று மெஷின் ஓடினால் பிள்ளை எப்படிப் படிக்கும்? அதைத்தான் இன்றைய கூட்டத்தில் கேட்டேன். விதியை நானே எழுதிக்கொண்டு போயிருந்தேன். மாலை நான்கு முதல் எட்டு வரை அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி சத்தம் கூடாது. வாடகைதாரர் மீது எழுத்தில் மூன்று புகார் வந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஓனருக்குக் கடிதம் போகும். ஒரு திருத்தமும் இல்லாமல் நிறைவேறியது.

தண்டபாணி சார் மட்டும் குறுக்கே விழுந்தார். "சொந்த வீட்டுக்காரங்க சத்தம் போட்டா என்ன பண்றது? என் தலைக்கு மேல தினம் சாயங்காலம் டொம்-டக், டொம்-டக்னு ஒரு நடை. நான் யாருகிட்ட எழுதிக் குடுக்கறது?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. அது தாரிணி நடந்துகொண்டே படிக்கிற சத்தம். எட்டாவதில் சைக்கிளிலிருந்து விழுந்து கணுக்கால் முறிந்ததிலிருந்து ஒரு காலை அழுத்தி வைப்பாள். குழந்தையின் காலைப் போய்க் கூட்டத்தில் சொல்லுவாரா ஒரு மனுஷன்?

ஜனவரி 20, திங்கள்

தாரிணியிடம் சொல்லிவிட்டேன். "இனிமே நடக்கக் கூடாது. உக்காந்து படி. நாம மத்தவங்க மேல புகார் குடுக்கணும்னா நம்ம பக்கம் ஒரு சொல் இருக்கக் கூடாது."

"நடந்தாத்தாம்மா எனக்கு மனசுல நிக்கும்."

"அதெல்லாம் பழக்கம்தான். உக்காந்தாலும் நிக்கும்."

பால்கனிக் கதவிலிருந்து சமையலறைச் சுவர் வரை போய்த் திரும்புவாள். கண்ணை மூடிக்கொண்டு, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு. அந்த இடத்தில் இப்போது மேஜை போட்டாகிவிட்டது.

ஜனவரி 28, செவ்வாய்

ஆபீசில் பர்மிஷன் போட்டு முன்னதாக வந்தேன். எஸ்-2. மாலை 4.40 முதல் 6.15 வரை தையல் மெஷின். புகார் எண் 1 எழுத்தில் கொடுத்தேன்.

ஜனவரி 29, புதன்

செலின் படியில் நின்று கூப்பிட்டாள். "அக்கா, மெஷினுக்கு அடியில போர்வைய மடிச்சுப் போட்டிருக்கேன். இப்ப கேக்குதான்னு கொஞ்சம் சொல்லுங்க." உள்ளே வந்து கேட்டேன். கடகட போய் ஒரு உறுமலாகக் கேட்டது. "கேக்குது" என்றேன். பொய் சொல்ல முடியாதே.

பிப்ரவரி 1, சனி

இன்றிலிருந்து லீவு, பரீட்சை முடியும் வரை. ஆபீசில் எல்லாருக்கும் வயிறெரிச்சல்.

வீட்டில் செய்துள்ள ஏற்பாடுகள்: கேபிளை நிறுத்தியாயிற்று. டிவியைப் போர்வையால் மூடிக் கட்டியாயிற்று. சுவர்க் கடிகாரம் டிக் டிக் என்கிறது, பேட்டரியைக் கழற்றிவிட்டேன். குக்கர் கிடையாது, பானையில்தான் சோறு. சேலத்திலிருந்து நாத்தனார் வருகிறேன் என்றாள், ஏப்ரலில் வா என்று சொல்லிவிட்டேன். இவர் கரூரில் வேலை முடிந்து ரயிலில் வந்து இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வருகிறார். அதைக்கூடக் கிண்டலுக்குச் செய்கிறாரோ என்று சந்தேகமாக இருக்கிறது.

தாரிணி படிக்கும்போது பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். தூங்கிவிடக் கூடாதே. இன்று என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ மூச்சு விடுறதுகூடக் கேக்குதும்மா" என்றாள். அவ்வளவு அமைதியாக வைத்திருக்கிறேன் வீட்டை.

பிப்ரவரி 3, திங்கள்

ஸ்கூலில் இன்றிலிருந்து தினமும் ஆறு மணி வரை ஸ்பெஷல் கிளாஸாம். நல்லது. பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளித்தான், நடந்தே வந்துவிடுவாள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

எஸ்-2. மாலை 4.10 முதல் 5.50 வரை. புதிதாக ஒரு சத்தம். யாரோ நடக்கிறார்கள். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும், விடாமல்.

பிப்ரவரி 5, புதன்

4.05 முதல் 5.50. எண்ணிப் பார்த்தேன். பதினோரு அடி, ஒரு திருப்பம், மறுபடி பதினோரு அடி. ஒரு கால் அழுத்தம், ஒரு கால் லேசு. சில சமயம் நடு வழியில் நின்றுவிட்டு, நாலடி பின்னால் போய், மறுபடி தொடங்குகிறது. பெண்பிள்ளையா யானையா தெரியவில்லை. நான் மெஷின் மீது புகார் கொடுத்ததற்குப் பழிவாங்குகிறாள், வேறென்ன?

நல்லவேளை, தாரிணி ஆறு மணிக்கு வீட்டுக்குள் நுழைவதற்குள் நின்றுவிட்டது. அவள் காதில் விழவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

4.10 முதல் 5.55. புகார் எண் 2.

இவரிடம் சொன்னேன். "நடக்கக்கூடக் கூடாதா மங்கை?" என்கிறார். "அவ வீட்டுல அவ நடக்கறா." எந்த விஷயத்தில்தான் இந்த மனுஷன் என் பக்கம் நின்றிருக்கிறார்?

தாரிணியின் யூனிஃபார்மில் ஒரு சிவப்பு நூல் ஒட்டியிருந்தது. எடுத்துப் போட்டேன். ஸ்கூல் பெஞ்சை யாரும் துடைப்பதில்லை போல.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை ஒரு சத்தமும் இல்லை. கவனிக்க வேண்டிய விஷயம் இது. நாங்கள் எல்லோரும் வீட்டில் இருக்கும்போது அடக்கி வாசிக்கிறாள். நான் தனியாக இருக்கும் நேரம் பார்த்து மிதிக்கிறாள்.

வரதராஜ் சாரைக் கூட்டிக்கொண்டு மேலே போனேன். தாரிணியும் பின்னாலேயே படியேறி வந்து நின்றாள். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

"சாயங்காலத்துல யாரும்மா நடக்கறது?" என்று கேட்டார் அவர்.

செலின் என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் பார்த்தாள். பிறகு, "நான்தான் சார். கால்வலிக்கு டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு" என்றாள்.

"ரோட்டுல நடக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"நாய் வருதுக்கா."

தாரிணி முகம் வெளுத்துவிட்டது. சண்டை என்றாலே பயம் அவளுக்கு. இவரைக் கொண்டு பிறந்திருக்கிறாள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

மூன்றாவது ரிவிஷன் மார்க் வந்தது. உயிரியலில் ஒரேயடியாகக் கூடியிருக்கிறது. வேதியியலிலும் பரவாயில்லை. எல்லாம் நான் இந்த வீட்டில் கொண்டுவந்த அமைதிக்குக் கிடைத்த பலன். இவரிடமும் சொன்னேன். தலையாட்டினார்.

பிப்ரவரி 12, புதன்

இன்று பிடித்துவிட்டேன்.

4.25க்கு மேலே நடைச் சத்தம். சமையலறையில் நின்று காதைக் கொடுத்தேன். அதே நேரத்தில் மெஷினின் உறுமலும் கேட்டது. இரண்டும் சேர்ந்து, ஐந்து நிமிஷத்துக்கு மேல். உட்கார்ந்து மெஷினை மிதிக்கிறவள் எழுந்து எப்படி நடப்பாள்? ஆக, அந்த வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிறார். கால்வலி, டாக்டர், நாய் எல்லாம் கதை.

என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். ஆபீசில் எத்தனை ஃபைல் பார்த்திருப்பேன்.

பிப்ரவரி 13, வியாழன்

புகார் எண் 3. நகல் இங்கே எழுதி வைக்கிறேன்.

"எஸ்-2 வாடகைதாரர் தனியாக வசிப்பதாகப் பதிவு செய்துள்ளார். ஆனால் தினமும் மாலை நான்கு முதல் ஆறு வரை அடையாளம் தெரியாத நபர் ஒருவர் அங்கே இருப்பது சத்தத்தின் மூலம் உறுதியாகிறது. மேற்படி நபர் யார், எதற்காக வந்து போகிறார் என்பதை விசாரிக்க வேண்டும். இது குடும்பங்கள் வாழும் இடம்."

கடைசி வரியைச் சேர்க்கலாமா என்று கொஞ்சம் யோசித்தேன். சேர்த்தேன். அது இருந்தால்தான் இவர்கள் அசைவார்கள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

அசைந்தார்கள். சத்தத்துக்கு வாயைத் திறக்காதவர்கள் எல்லாம் இதற்குத் திறந்துவிட்டார்கள். எஸ்-4 அம்மாள், "எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. சென்னையிலிருக்கும் எஸ்-2 ஓனருக்கு வரதராஜ் சார் போன் போட்டுவிட்டார். 23ஆம் தேதி கூட்டத்தில் தீர்மானம், மாதக் கடைசிக்குள் காலி.

செலினைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "யாரும்மா வந்து போறது?" அவள், "தப்பான ஆளு யாரும் வரல்ல சார்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. இல்லையென்றால் யாரென்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? அந்த அழுத்தம்தான் எனக்கு ஆகாது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். தாரிணி சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி, "அந்த அக்கா பாவம்மா" என்றாள்.

"உனக்கு அதெல்லாம் வேண்டாம். நீ படி."

"காலி பண்ண வைக்காதம்மா."

"உனக்காகத்தான் இவ்வளவும்."

தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். பரீட்சை பயம்.

பிப்ரவரி 17, திங்கள்

சத்தம் இல்லை. ஆள் உஷாராகிவிட்டார்.

பிப்ரவரி 18, செவ்வாய்

சத்தம் இல்லை. தாரிணி ஆறரைக்கு வந்தாள், முகம் வாடி. பார்க்கில் வெயிலாக இருந்தது என்று ஏதோ சொல்ல வந்து, "ஸ்கூல்ல" என்று மாற்றினாள். ஒரு தம்ளர் மோர் கொடுத்தேன்.

பிப்ரவரி 19, புதன்

4.15 முதல் 5.55. மறுபடி. துணிச்சலைப் பாருங்கள்.

பிப்ரவரி 20, வியாழன்

எழுதத்தான் வேண்டும். பதிவேடு என்று தொடங்கிவிட்டு இதை மட்டும் எழுதாமல் விட முடியாது.

மூன்றரை மணிக்கு ஹால் டிக்கெட் வாங்கப் பெற்றோர் யாராவது வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். நான் போனேன். கையெழுத்துப் போட்டுவிட்டு கிளாஸ் டீச்சரிடம், "தினம் ஆறு மணி வரைக்கும் உக்கார வெச்சு சொல்லிக் குடுக்கறீங்க, ரொம்ப நன்றி டீச்சர்" என்றேன்.

அந்தம்மா விழித்தாள். "ஆறு மணி வரைக்கும் யாரும் இல்லையேம்மா. ஸ்பெஷல் கிளாஸ் ஜனவரியோட முடிஞ்சிருச்சு. மூணே முக்காலுக்கு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடறோம். தாரிணி இப்பதான் கெளம்பிப் போனா."

பள்ளிக்கூட வாசலிலிருந்து வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. மூன்றே முக்காலிலிருந்து ஆறு மணி வரை. இரண்டு வாரத்துக்கு மேலாக. எங்கே போகிறாள்? யாரோடு? பேப்பரில் படித்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. போன் செய்தேன், அணைத்து வைத்திருந்தாள். இவருக்கு அடித்தேன், ரயிலில் சிக்னல் இல்லை. வீட்டில் இருக்கிறாளா பார்ப்போம் என்று கதவைத் திறந்தால், டிவி போர்வைக்குள்ளே, கடிகாரம் நின்றபடியே, ஒரு ஈ கூட இல்லை.

அப்போது தலைக்கு மேல் அந்த நடை கேட்டது.

நடு ஹாலில் நின்றேன். டொம், டக். டொம், டக். பதினோரு அடி. திருப்பம். எங்கள் வீட்டில் பால்கனிக் கதவிலிருந்து சமையலறைச் சுவர் வரை எத்தனை அடி என்று நான் ஒரு நாளும் எண்ணியதில்லை. இன்று மேஜையை நகர்த்திவிட்டு நடந்து பார்த்தேன். எண்ணத் தேவையே இல்லை, ஆனாலும் எண்ணினேன்.

மேலே போனேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. கதவுக்குப் பின்னால் அவளுடைய ஸ்கூல் ஷூ, சாக்ஸை உள்ளே திணித்தபடி. செலின் ஜன்னலோரம் மெஷினில். தாரிணி கண்ணை மூடிக்கொண்டு, புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே என்னை நோக்கி வந்தாள். ஒரு இடத்தில் மறந்துபோய் நின்றாள். நாலடி பின்னால் போனாள். மறுபடி தொடங்கினாள். வந்துவிட்டது போல, முகத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை என் வீட்டில் பார்த்து எத்தனை நாளாயிற்று.

செலின் என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினாள். சத்தம் நின்றதும்தான் தாரிணி கண்ணைத் திறந்தாள்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதப் போவதில்லை. செலினையும் சேர்த்துத்தான்.

தாரிணி அழவில்லை. "உக்காந்தா வரலம்மா எனக்கு. நீ பக்கத்துல உக்காந்து என்னையே பாத்துட்டிருக்க. இங்க யாரும் என்னப் பாக்க மாட்டாங்க. அக்கா தைப்பாங்க, நான் நடப்பேன். அவ்ளோதான்."

"பிள்ள படியில உக்காந்து அழுதுட்டு இருந்துச்சுக்கா" என்றாள் செலின். "நான்தான் உள்ள வந்து படின்னேன். உங்ககிட்ட சொல்லிரணும்னுதான் இருந்தேன். சொன்னா அதையும் நிறுத்திருவாங்கன்னுச்சு. பரீட்ச முடியட்டும்னு விட்டுட்டேன்."

"உன்ன வீட்ட விட்டே தொரத்தப் போறாங்க, அப்பவும் வாயத் தொறக்கலையே நீ?"

"வீடு வேற பாத்துக்கலாம்க்கா. பிள்ளைக்கு இந்தப் பரீட்ச திரும்ப வருமா?"

கீழே இறங்கி வந்துவிட்டேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

வரதராஜ் சாரிடம் மூன்று வரிக் கடிதம் கொடுத்தேன். "மனஸ்தாபம் சுமுகமாகத் தீர்ந்துவிட்டபடியால் மூன்று புகாரையும் திரும்பப் பெறுகிறேன்." காரணம் எழுதவில்லை. எழுத என்ன அவசியம்? புகார் கொடுத்தவளே வேண்டாம் என்றால் முடிந்தது.

முடியவில்லை. "அதெப்படி மேடம்? சத்தம்னா நீங்க வாபஸ் வாங்கலாம். வெளியாள் விவகாரம் இப்ப எல்லாருடைய பிரச்சனை. யாருன்னு தெரியாம விட முடியாது. நீங்களே எழுதியிருக்கீங்க, குடும்பங்கள் வாழும் இடம்னு."

என் எழுத்தை எனக்கே படித்துக் காட்டினார்.

பிப்ரவரி 22, சனி

யாருக்கும் தெரியாமல் முடிக்க ஒரு வழியும் தோன்றவில்லை. இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும், "நாளைக்கு நானும் கூட்டத்துக்கு வரேன்" என்றார். "எதுக்கு, வேடிக்கை பாக்கவா?" என்று விழுந்தேன். பாவம், துணைக்குத்தான் சொல்லியிருப்பார்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதைவிடக் கோபமாக இருக்கிறது. என் மகளுக்கு என் வீட்டில் இடமில்லாமல் போனதை ஊர் முன்னால் நானே சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

பார்க்கிங்கில் கூட்டம். எல்லா வீட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். இத்தனை பேரைத் தண்ணீர் டேங்க் கழுவும் விஷயத்துக்குக் கூட்ட முடிந்ததில்லை. செலின் ஒரு தூண் ஓரமாக நின்றாள்.

வரதராஜ் சார் தீர்மானத்தைப் படிக்கத் தொடங்கியதும் எழுந்தேன். "அந்த வீட்டுல இருந்த இன்னொரு ஆள் என் பொண்ணு" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி உரக்கச் சொன்னேன். "தாரிணிதான். எங்க வீட்டுல நடந்து படிக்கக் கூடாதுன்னு நான் சொன்னதால மேல போய்ப் படிச்சிருக்கா. செலின் மேல ஒரு தப்பும் கிடையாது. தப்பு என்மேல."

யாரோ சிரித்தார்கள். எஸ்-4 அம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். வரதராஜ் சார் பேனாவை மூடித் திறந்து, "இத எப்படி மேடம் மினிட்ஸ்ல எழுதறது?" என்றார்.

நானே சொல்லச் சொல்ல எழுதினார். "எஃப்-2 உரிமையாளர் அளித்த மூன்றாவது புகாரில் குறிப்பிடப்பட்ட அடையாளம் தெரியாத நபர், மேற்படி உரிமையாளரின் மகளே என்று தெரியவந்ததால், புகார் தள்ளுபடி செய்யப்படுகிறது. எஸ்-2 வாடகைதாரரிடம் எஃப்-2 உரிமையாளர் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறார்." இருபத்துமூன்று வருஷ சர்வீஸில் இப்படி ஒரு குறிப்பு நான் எழுதியதில்லை.

அந்த மூன்று புகார் விதியையும் எடுத்துவிட வேண்டும் என்றேன். "அது அப்படியே இருக்கட்டும், நல்ல ரூல்தான்" என்றார்கள். என்னை நம்பி நிறைவேற்றியவர்கள், என்னை நம்பி நீக்கமாட்டார்களாம்.

தண்டபாணி சாருக்கு ஒரே ஒரு கவலைதான். "அப்போ இனிமே அந்தப் பொண்ணு மறுபடியும் என் தலைமேல நடக்குமா?"

பிப்ரவரி 24, திங்கள்

காலையில் மேலே போனேன். ஒரு டப்பா ரவா உருண்டை கொண்டுபோனேன். வேறு என்ன கொண்டுபோவது என்று தெரியவில்லை.

"தீர்மானத்த எடுத்துட்டாங்க. நீ காலி பண்ண வேண்டாம்" என்றேன்.

"இல்லக்கா. மார்ச்சு கடைசியில போறேன். வயலூர் ரோட்டுல வீடு பாத்துட்டேன்."

"ஏன்? அதான் ஒண்ணும் இல்லன்னு ஆயிருச்சே."

செலின் கையிலிருந்த ஜாக்கெட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஓனர் மஸ்கட்டுக்கு அவருக்குப் போன் போட்டுட்டாருக்கா. உங்க வீட்டுக்கு யாரோ வந்து போறாங்களாமேன்னு. அவருக்கு வெளக்கம் சொல்லி முடிக்க ரெண்டு நாளாச்சு. நம்பிட்டாரு. ஆனா கேட்டுட்டாருல்லா. இனிமே இந்தப் படியில ஏறி எறங்கறப்ப ஒவ்வொரு கதவா பாக்கத் தோணுதுக்கா எனக்கு."

நான் எழுதிய ஒரு வரி. இருந்தால்தான் அசைவார்கள் என்று சேர்த்த வரி.

"பரீட்ச முடியற வரைக்கும் இருக்கேன்னு ஓனர்ட்ட சொல்லிட்டேன். பிள்ளைய அனுப்புங்க" என்றாள்.

தாரிணியிடம் நம் வீட்டிலேயே நடந்து படி, மேஜையை எடுத்துவிடுகிறேன், நான் பக்கத்தில்கூட வரமாட்டேன் என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

"அங்கதாம்மா வருது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

நாளை தமிழ். 4.00 முதல் 6.10 வரை நடந்தாள். ஞாயிற்றுக்கிழமையும்தான். இப்போது ஒளிவு மறைவு இல்லை, ஷூ வாசலிலேயே கிடக்கிறது.

கீழே உட்கார்ந்து காய் நறுக்கினேன். மேலே நடை நின்றால் என் கையும் நிற்கிறது. ஏதோ செய்யுளில் மாட்டிக்கொண்டிருக்கிறாள். நாலடி பின்னால் போகிறாள். தொடங்குகிறாள். மறுபடி அதே இடம். எந்தச் செய்யுள் என்றுகூட எனக்குத் தெரியாது. சட்டென்று நிற்காமல் பதினோரு அடியும் போய்விட்டது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வெங்காயம் அல்ல, அது கத்தரிக்காய்.

மார்ச் 14, வெள்ளி

வேதியியல் சரியாக எழுதவில்லையாம். என்னிடம் சொல்லவில்லை. மேலே சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். இவர் மூலம் தெரிந்தது. எரிச்சலாக இருக்கிறது, இருக்கத்தானே செய்யும்.

மார்ச் 25, செவ்வாய்

பரீட்சை முடிந்தது. டிவியை அவிழ்த்துவிட்டோம். யாரும் போடவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

செலின் காலி செய்தாள். மெஷினை இவரும் வேன் டிரைவரும் தூக்கி இறக்கினார்கள். வரதராஜ் சார் வாசலில் நின்று எத்தனை சாமான் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். மெஷினுக்கு அடியில் போட்ட போர்வை நான்காக மடித்தபடி கடைசியில் வந்தது. நடுவில் நான்கு குழி.

தாரிணிக்கு ஒரு சுடிதார் தைத்துக் கொடுத்திருக்கிறாள். போகும்போது என்னிடம், "வரேன்க்கா" என்று மட்டும் சொன்னாள். மரியாதைக்குச் சொல்வதுதான். ஆனாலும் சொன்னாள்.

ஏப்ரல் 1, செவ்வாய்

எஸ்-2. மாலை 4.00 முதல் 6.00 வரை. சத்தம் ஏதுமில்லை.

ஏப்ரல் 2, புதன்

சத்தம் ஏதுமில்லை. தாரிணி சோபாவில் படுத்துப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடிகாரத்துக்குப் பேட்டரி போட்டேன். "கொஞ்சம் எழுந்து நடயேன்" என்றேன்.

"எதுக்கும்மா? அதான் பரீட்சை முடிஞ்சிருச்சே."

ஏப்ரல் 4, வெள்ளி

மாலை நாலரை இருக்கும். அடுப்படியில் இருந்தேன். ஹாலில் தாரிணியின் போன் அடித்தது. எடுத்ததும் அவள் குரல் மாறியது. "அக்கா! வீடு எப்படி இருக்கு? மெஷின எங்க போட்டீங்க?" செலின்.

பேசிக்கொண்டே எழுந்திருக்கிறாள். பேசிக்கொண்டே நடக்கத் தொடங்கிவிட்டாள். பால்கனிக் கதவிலிருந்து சமையலறைச் சுவர் வரை. நான் அடுப்பைக் குறைத்தேன். எட்டிப் பார்க்கவில்லை, பார்த்தால் நின்றுவிடுவாளோ என்று. டொம், டக். டொம், டக். இடையிடையே சிரிப்பு. ஒன்றரை மாதத்துக்கு மேலாகத் தலைக்கு மேல் கேட்ட சத்தம், பக்கத்திலிருந்து கேட்கும்போது அவ்வளவு ஒன்றும் பெரிதாக இல்லை.

பத்து நிமிஷம் ஆகியிருக்காது, காலிங் பெல் அடித்தது. தண்டபாணி சார். மூச்சு வாங்கப் படியேறி வந்திருக்கிறார்.

"ஆரம்பிச்சாச்சா மறுபடியும்? ரூல் போட்டது நீங்க. யாரு நடக்கறது?"

தாரிணி போனைக் காதில் வைத்தபடி, ஒரு காலைத் தூக்கியது தூக்கியபடியே நின்றாள். என்னைப் பார்த்தாள். நான் வாசலை மறைத்து நின்றுகொண்டேன்.

"நான்தான் சார்" என்றேன். "கால்வலிக்கு டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு."

"ரோட்டுல நடக்க வேண்டியதுதானே?"

"நாய் வருது சார்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.